பதினைந்தாவது ஆள்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்திருப்பாய். எப்படியோ பிரித்துவிட்டாய். இனி படித்துவிடு, தபால்தலைக்காவது மரியாதை.

அத்தானுடைய அடக்கத்தன்று வாசலில் நின்று நாம் நாலு வார்த்தை பேசினோம். அதில் மூன்று என் பஸ் நேரத்தைப் பற்றி. அது ஆயிற்று ஆறு வருஷம். இப்போது எழுதக் காரணம், நம் சபைக்கு வருகிற ஜூனில் நூறு வயது. வரலாறு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான்தானே செயலாளர்? செயலாளர் என்றால் கதவு திறப்பவன், நாற்காலி துடைப்பவன், மைக்கைத் தட்டி ஹலோ சொல்பவன். குடிநீர் ஆபீஸில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்ற கடிதங்களுக்கெல்லாம் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று முப்பது வருஷம் எழுதியவன் ஒரு நூற்றாண்டை எழுத மாட்டானா என்று நினைத்துவிட்டார்கள்.

ஆரம்பம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய அந்த வெள்ளைக்காரத் தம்பதி, ஒரு ஆர்கன், இரண்டு குடை, ஒரு பெட்டி வேதாகமம். முழுகத் தொட்டி இல்லாததால் முதல் ஐந்து பேருக்குச் சாயப்பட்டறைத் தொட்டியில் ஞானஸ்நானம். வெள்ளை உடையில் இறங்கியவர்கள் நீலமாக ஏறினார்கள். ஒரு மாதம் ஊரில் எங்கே போனாலும் தெரிந்தது, இவர்கள் யாருடைய ஆட்கள் என்று. அப்புறம் தெருப்பிரசங்கம், கைப்பிரதி, தையல் வகுப்பு, ஞாயிறு பள்ளிக்கூடம். உச்சத்தில் இருநூற்று முப்பது அங்கத்தினர். நம் அப்பா தலைமை டீக்கனாக இருந்த காலம். நீ ஆர்கன் வாசித்த காலம்.

அந்தப் பாடகர் குழு படம் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பினால் அட்டையில் போடலாம். உன் விஷயத்தை எழுதுவதா, நாசூக்காக விடுவதா என்று புரியவில்லை. நீயே சொல்.

போனிலும் பேசலாம். நம்பர் கீழே.

உன் தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

போன் வேண்டாம். போனில் நீ ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவாய். காகிதத்தில் எழுது. காகிதத்தில் ஜோக் அடித்தால் நான் மறுபடியும் படித்துப் பார்ப்பேன், அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும்.

என் விஷயத்தை நாசூக்காக விடுவதா என்று கேட்கிறாய். முப்பத்துமூன்று வருஷமாக விட்டுத்தானே வைத்திருக்கிறீர்கள்.

முப்பத்தொரு வயதுவரை யாரும் கேட்காத என்னைக் கேட்ட ஒரே மனிதர் உன் அத்தான். கடிகாரம் பழுதுபார்ப்பவர். சிகரெட் இல்லை, குடி இல்லை, ஞாயிறு தவறாமல் அவருடைய சபைக்குப் போகிறவர். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. குழந்தையாக இருந்தபோது அவர் தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்தார்கள். நம்மைப் போல விவரம் தெரிந்து முழுகவில்லை. மறுபடி முழுகச் சொன்னார்கள். என்னை என் அம்மா தூக்கிக்கொண்டு போய் வாங்கித் தந்ததைப் பொய் என்று சொல்லமாட்டேன் என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். சபைக்கூட்டம் போட்டு, என்னை வராந்தாவில் நிற்கவைத்து, உள்ளே கை தூக்கி, என் பெயரில் கோடு போட்டீர்கள்.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இதய வால்வு மாற்றவேண்டும் என்கிறார் டாக்டர். ஜூன் 19. என் வயதுக்குப் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாமாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நல்ல பல்.

அத்தான் போனபிறகு இங்கே நம் முறைச் சபை ஒன்றுக்குப் போகிறேன். அவருடைய சபையில் பாட்டெல்லாம் வேறு மெட்டு, எனக்குத் தொண்டை திறக்கவில்லை. இங்கே பாட்டு நம் பாட்டு. ஆனால் சட்டமும் நம் சட்டம். அங்கத்தினருக்கு மட்டும்தான் திருவிருந்து. மாதம் ஒருமுறை அப்பமும் சின்னச் சின்னக் கிண்ணமும் வைத்த தட்டு வரிசை வரிசையாக வரும். என் பக்கத்து அம்மா எடுத்துக்கொண்டு எனக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் என் மடிக்கு மேலாக நீட்டுவார். ஆறு வருஷமாக அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போகிறது. போதகர் நல்லவர். தாய்ச்சபையிலிருந்து மாற்றுக் கடிதம் கொண்டுவாருங்கள், அல்லது மறுபடி முழுகுங்கள் என்கிறார். முழுகமாட்டேன். அப்பா கையால் முழுகினேன், அது பொய்யில்லை. உன் அத்தான் ஏன் மறுத்தார் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

ஆகவே, ஜூன் 19-க்கு முன் எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். பெயரைத் திரும்பச் சேர்த்து, இவர் எங்கள் அங்கத்தினர் என்று ஒரு தாள். ஒரே ஒரு முறை தட்டு என் கையில் நிற்கவேண்டும்.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் உன்னிடம் இருக்கும். முன்மொழிந்தவர் கணக்கு வாத்தியார் என்று தெரியும், அவர் குரல் வராந்தாவரை கேட்டது. வழிமொழிந்தது யார்?

படம் அப்புறம்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு உன் தம்பி மனைவி அழுதாள். நான் சாப்பிடவில்லை. அதாவது ராத்திரி சாப்பிடவில்லை, காலையில் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஒரு தாள்தானே என்று நினைத்தேன். சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், கோடு போட்ட பெயரைத் திரும்பச் சேர்க்க சபைக்கூட்டம் கூட்டவேண்டும், குறைந்தது பதினைந்து அங்கத்தினர் இருக்கவேண்டும். எழுதியது யார்? நம் அப்பா. இருநூற்று முப்பது பேர் இருந்த மிதப்பில், "பதினைந்து பேர்கூட வராத சபை ஒரு சபையா?" என்று பேனாவைத் திறந்திருக்கிறார்.

இன்றைக்கு நம் பதிவேட்டில் பதினேழு பேர். மூன்று பேர் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். மிச்சம் பதினாலு. நாலு வருஷமாக ஒரு கூட்டமும் செல்லுபடியாகவில்லை. சரி, பதினைந்தைப் பத்தாகத் திருத்திவிடலாமே என்பாய். திருத்தவும் பதினைந்து பேர் வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு எண்பத்தெட்டு வயது. வாராவாரம் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று விரல் நீட்டித் தலை எண்ணி, "பதினாலு" என்று சொல்லி உட்காருவார். பிரசங்கத்தைவிட அதற்குத்தான் எல்லோரும் காது கொடுக்கிறோம். இந்த வருஷ முடிவுக்குள் பதினைந்து ஆகாவிட்டால் நம்மைப் பெரிய சபையோடு சேர்த்துவிடுவதாக நம் சபைகளின் சங்கத்திலிருந்து கடிதம் வேறு. சேர்த்தால் நம் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. முழுகியவர் அன்றே அங்கத்தினர், அதற்கு ஓட்டு வேண்டாம். அதுவும் அப்பா எழுதியதுதான், அது ஆண்டவர் போட்ட ஓட்டு என்று. அப்படியென்றால் ஒரே ஒரு ஆத்துமா. ஒருவர் முழுகினால் பதினைந்து, அன்றைக்கே கூட்டம், உனக்குக் கடிதம். நூறு வருஷமாகச் சுவிசேஷம் சொல்கிற சபை ஒரு ஆளைப் பிடிக்க முடியாதா?

ஒரு வாரம் பஸ் நிலையத்தில் கைப்பிரதி கொடுத்தேன். ஒருவர் வாங்கி மூக்குக்கண்ணாடி துடைத்தார். ஒருவர் என்னை லாட்டரி என்று நினைத்து எப்போது குலுக்கல் என்று கேட்டார்.

பிரசங்க மேடைப் பலகைக்கு அடியில் இருக்கும் தொட்டி ஒன்பது வருஷமாகக் காய்ந்து கிடக்கிறது. நிரப்பிப் பார்த்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. ஊருக்கே தண்ணீர் விடுகிற ஆபீஸில் வேலை, சொந்தத் தொட்டி ஒழுகுகிறது. எங்கள் ஆபீஸுக்கு வருகிற குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பழைய ஆள் செத்துப் புது ஆள் எழும்புகிறான் என்று சொன்னேன். ஒரு விரிசலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம், "எந்த வயசிலயும் முங்கலாமா சார்?" என்று கேட்டார்.

அக்கா, ஆள் கிடைத்துவிட்டார்.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரு வரி. அதைக் காணோம்.

அந்தக் குழாய்க்காரர் மெய்யாகவே கேட்டிருந்தால் சொல்லிக்கொடு. எனக்காக ஒருவரையும் முக்காதே. ஆள் கணக்குக்கு முழுகினவர் ஆள் கணக்குக்குத்தான் இருப்பார்.

மூச்சு வாங்குகிறது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, உன் கடிதத்தை அங்கேயே படித்தேன்.

வழிமொழிந்தது யார்?

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தைக்கு மூன்று வாரம் ஆயிற்று. முன்னாலும் பின்னாலும் போர்த்த நிறையத் துணி தேடினேன். எல்லாம் குட்டையாக இருந்தது.

வாத்தியார் முன்மொழிந்ததும் வழிமொழிய யாரும் கை தூக்கவில்லை. அப்பா மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மகளுக்கு எதிராக மூச்சு விடவும் முடியாது, மகளுக்காக மூச்சு விடவும் முடியாது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை தடுக்கச் சொல்லிக்கூடப் பார்த்திருக்கலாம். எனக்கு இருபத்துநாலு வயது. வாத்தியாரின் மகளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்த நேரம். அந்த மகள்தான் இப்போது உன் கடிதத்துக்கு அழுகிறவள். கை தானாக மேலே போயிற்று. பிறகுதான் மற்ற கைகள்.

இப்போது அந்தத் தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே போவதில்லை. சட்டை மாட்டவே ஆள் வேண்டும். பிசியோதெரபிக்காரர் காரணம் கேட்டார். வயசு என்றேன்.

குழாய்க்காரர் வாரம் இரண்டு நாள் பாடத்துக்கு வருகிறார். மெய்யாகத்தான் கேட்கிறார், அக்கா. எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை வருகிற நம் போதகர் மே 25 குறித்திருக்கிறார். காலையில் முழுக்கு, அப்புறம் கூட்டம். தொட்டி இப்போது இடுப்புவரை நிற்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

கை தூக்கியவர்களில் நீயும் இருந்தாய் என்று தெரியும். முதல் கை என்று தெரியாது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் வராந்தாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாய். மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்கள். நீ மட்டும் வந்து, குடி அக்கா என்றாய். முப்பத்துமூன்று வருஷமாக உன்மேல் கோபம் வரும்போதெல்லாம் அந்த டம்ளரை நினைத்துக்கொள்வேன். அதையும் எடுத்துக்கொண்டாய்.

வரலாற்றில் எழுது. அந்தப் பக்கத்தை அப்படியே, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வராந்தா, எல்லாம். மழுப்பினால் தெரியும். நீலமாக ஏறிய ஐந்து பேரைப் பற்றி இத்தனை ஆசையாக எழுதுகிற நீ இதையும் எழுது.

படம் இத்துடன். இரண்டாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் நீ.

அக்கா


மே 27

அக்கா,

எழுதினேன். நீ சொன்னபடி, ஒரு எழுத்தும் மழுப்பாமல். நான் எழுதியதிலேயே அந்த இரண்டு பக்கம்தான் உருப்படி.

முழுகப்போகிறவர் சபை வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று, கையெழுத்துப் பிரதியைக் குழாய்க்காரரிடம் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். தோன்றியது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை.

ஞாயிறு காலை தொட்டி நிரம்பிவிட்டது. கழுத்தளவு, ஒரு சொட்டு ஒழுகவில்லை, அத்தனை சுத்தமான வேலை. வாத்தியார் புதுச்சட்டையில் வந்து விரலை நீட்டத் தயாராக இருந்தார். படுக்கையிலிருக்கும் மூன்று பேரில் ஒருவரையாவது தூக்கிவர முந்தின நாளே போயிருந்தேன். அவர் மகள் அவர் கிடக்கிற நிலையைக் காட்டினாள், திரும்பிவிட்டேன். ஒருவரை நம்பியே இருந்தோம்.

குழாய்க்காரர் வந்தார். வெள்ளை உடை கையில் மடித்தபடி இருந்தது. பிரதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சார், அந்த அம்மாவோட வீட்டுக்காரர் தண்ணியே படாதவர் இல்ல. கொஞ்சமா பட்டவர். என் சம்சாரம் கொஞ்சம்கூடப் படாதவ, படவும் மாட்டா. அவளை விட்டுட்டு நான் இருக்க மாட்டேன். நாளைக்கு எனக்கும் கோடு போடுவீங்க."

கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசி ஆனவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விளக்கினேன். வாத்தியாரும் விளக்கினார், வசன எண்ணோடு. போதகர் இப்போதெல்லாம் அப்படிச் செய்வதில்லை என்றார். குழாய்க்காரர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

"இப்ப செய்யறதில்லன்னா, அந்த அம்மா ஏன் சார் இன்னும் வெளிய நிக்கறாங்க?"

நீ வெளியே நிற்பது அவர் உள்ளே வராததால்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாய் திறந்தேன். எனக்கே கேவலமாக இருந்தது, மூடிவிட்டேன். அவர் ஒருமுறை குனிந்து தொட்டியைப் பார்த்தார், வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. போய்விட்டார். வாத்தியார் எழுந்து, "பதினாலு" என்றார்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. சபை முத்திரை, செயலாளர் கையெழுத்து. பதினைந்து பேர் கூடிய கூட்டத்தில் உன் பெயர் திரும்பச் சேர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. எப்படி என்று கேட்காதே. உன் ஊரில் யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. கொண்டுபோய்க் கொடு. தட்டை வாங்கிக்கொள். பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

உன் தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேற்று போனேன். ஆராதனைக்கு முன் போதகரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சபைக்கு முன் என் பெயரைச் சொல்லி வரவேற்றார். பக்கத்து அம்மா என் தோளைத் தட்டினார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

தட்டு வந்தது. இந்த முறை அந்த அம்மா என் மடிக்கு மேலாக நீட்டவில்லை. எனக்கு நேராகப் பிடித்தார். கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. நான் அந்தத் தட்டில் பதினைந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவரிடம் நானே தள்ளிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் உண்மையைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியும். தாளைத் திரும்ப வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப்போடு. வரலாற்றில் போட்டாலும் சரி.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. உன் தொட்டி மாதிரி முழங்கால்வரைதான் நிற்கிறது. அதற்கு மேல் எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள்.

அந்தக் குழாய்க்காரருக்கு என் நன்றியைச் சொல். முப்பத்துமூன்று வருஷத்தில் நான் ஏன் வெளியே நிற்கிறேன் என்று கேட்ட ஒரே மனிதர் அவர்.

19-ஆம் தேதி காலை ஏழு மணி.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நேற்று நூற்றாண்டு ஆராதனை. மேசை விரிப்பு, பூ, நூறு நாற்காலி. வாடகைக்காரன் நூற்றுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றான், அதனால் எண்பத்தாறு காலி. பெரிய சபையிலிருந்து வாழ்த்த வந்தவர் கட்டடத்தின் அளவை நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வரலாற்றை வாசித்தேன். நீல ஐவருக்குச் சிரித்தார்கள். உன் பக்கம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை வாசித்தேன். உன் தம்பி மனைவி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

முடிந்ததும், செல்லாது என்று தெரிந்தே, உன் பெயரைத் திரும்பச் சேர்க்க விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றேன். வாத்தியார் எழுந்தார். "பதினாலு. செல்லாது" என்றார். உட்கார்ந்தார். அவர் தூக்கவில்லை. இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காமல், காணிக்கை என்று நினைத்துச் சட்டைப் பையைத் துழாவினார். என்னையும் சேர்த்துப் பத்து கை. வலது கை ஏறவில்லை, இடது கையைத் தூக்கினேன்.

மினிட்ஸில் ஏற்ற முடியாது. எழுதினால் அடித்துவிடுவார்கள். ஆகவே உனக்கு எழுதுகிறேன், இதைப் பதிய வேறு புத்தகம் இல்லை. டிசம்பரோடு பதிவேட்டை மூடுகிறார்கள். உன் பெயர் அந்தக் கோட்டோடுதான் அலமாரிக்குப் போகும். அதற்கு நாலு வரி கீழே என் பெயர், கோடு இல்லாமல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மூன்று வாரத்தில் ஒரு விரல்கூடக் குறையவில்லை அக்கா. அத்தனை சுத்தமான வேலை. குழாய்க்காரர் வீட்டுக்கு உன் நன்றியைச் சொல்லப் போனேன், அவர் சம்சாரம்தான் கதவைத் திறந்தார். அவர் வேலைக்குப் போயிருக்கிறார், சொல்கிறேன் என்றார்.

நான் நாளை ராத்திரி வண்டியில் கிளம்பலாம் என்றிருந்தேன். நீ வரச்சொல்லவில்லை. முழங்கால்வரைதான் என்றாய். அதற்குமேல் நடந்து உன்னைக் கரைக்க எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன். நம் ஊர்த் தபாலை எனக்குத் தெரியும், 21-க்கு முன்னால் உன் வாசலுக்கு வராது. வரும்போது யார் பிரிப்பார்கள் என்று தெரியவில்லை.

நீயே பிரி.

உன் தம்பி